ஷாங்க்கும் ஸ்லைஸும் ஒன்றாக வந்தால்

கேள்வி: எனக்கு வயது 53, வலது கைக்காரன். எட்டு வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தின் அளவு, குறைய குறைய நல்லது) 14. இரண்டு மாதம் முன்பு வரை எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஏழாம் நம்பர் அயர்னில் (இரும்புத் தலைக் கிளப்) அடித்த பந்து ஷாங்க் ஆகி, அதாவது கிளப்பின் கழுத்தில் பட்டு, வலப்பக்கம் புதருக்குள் பாய்ந்தது. அதே ரவுண்டில் இன்னும் மூன்று முறை அப்படியே. பிறகு தூரத்துக்கு அடிக்கிற டிரைவரும் கெட்டுப்போய், பந்து வலப்பக்கம் வளைந்து ஸ்லைஸ் ஆக ஆரம்பித்தது. வீடியோக்களைப் பார்த்து இடது கையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தேன், பந்தை விட்டுத் தள்ளி நின்றேன், கிளப்பைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கைச் சுருக்கினேன். ஸ்லைஸுக்காக இடப்பக்கம் குறிவைத்தும் பார்த்துவிட்டேன். தினமும் பயிற்சி ரேஞ்சுக்குப் போகிறேன், அங்கே பத்துக்கு ஏழு பந்து நன்றாகப் போகிறது. மைதானத்தில் இறங்கினால் பழைய கதைதான். எட்டு வருட உழைப்பு போய்விட்டதா? முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டுமா? எழுத்துப் பிழைகளை மன்னியுங்கள். புரோக்ரெசிவ் கண்ணாடி மாட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை, இன்னும் பழகவில்லை.

பதில்: ஸ்விங்கைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் விட, மன்னிப்புக் கேட்பதற்காகக் கடைசியில் சேர்த்த அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், நேரடியாகக் கேட்டதற்குப் பதில். எட்டு வருடம் உடம்பு கற்றுக்கொண்டது இரண்டு மாதத்தில் அழியாது. ரேஞ்சில் பத்துக்கு ஏழு நன்றாகப் போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஸ்விங்கையே தொலைத்தவரால் அது முடியாது. அதனால் முதலிலிருந்து தொடங்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

உங்களுக்கு இரண்டு கோளாறு வந்திருப்பதாக நினைக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது: பந்து கிளப் தலையின் நடுவில் படாமல், தண்டு சேரும் பக்கமான ஹீலில் படுகிறது. அயர்னில் பந்தை அடிக்கும் முகமான ஃபேஸின் நடுவிலிருந்து, தண்டு சொருகிய கழுத்தான ஹோசல் தொடங்கும் இடத்துக்கு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். அடிக்கும்போது கிளப் அந்த அளவுக்கு உங்களை விட்டு வெளியே தள்ளிப் போனால் போதும், பந்து தட்டையான முகத்தில் படாமல் அந்த உருண்டைக் கழுத்தில் பட்டு வலப்பக்கம் தெறித்து ஓடும். ஷாங்க் பார்க்க அவ்வளவு கேவலமாக இருப்பதால் ஸ்விங் முழுவதுமே நாசமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் நல்ல ஷாட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி அந்த மூன்று சென்டிமீட்டர்தான்.

டிரைவர் தலை பெரியது, கழுத்து வரை போக இடம் அதிகம். அதனால் அதில் ஷாங்க் அபூர்வம். ஆனால் ஹீலில் பட்டால் வேறொன்று நடக்கும். மோதும் அந்தக் கணத்தில் கிளப்பின் தலை தன் எடைமையத்தைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பும். பந்து ஃபேஸோடு ஒட்டி நிற்பதால், இரண்டு பல்சக்கரங்கள் கோத்துக்கொண்டதுபோல அது எதிர்ப்பக்கம் சுழலும். இதைத்தான் கியர் எஃபெக்ட் என்கிறோம். வலது கைக்காரருக்கு ஹீல் அடியில் வரும் சுழற்சி பந்தை வலப்பக்கம் வளைக்கும். ஸ்விங் பாதை, ஃபேஸ் இரண்டும் நேராக இருந்தாலும்கூட பந்து இடப்பக்கம் லேசாகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்துதான் போகும், தூரமும் குறையும். அதைப் பார்க்கிற யாரும் ஸ்லைஸ் என்றுதான் சொல்வார்கள். ஸ்லைஸுக்கு மருந்து தேடினால் கிரிப்பைத் திருப்பு, தோளைத் திருப்பு என்று ஆயிரம் வீடியோ கிடைக்கும். பந்து ஃபேஸில் எங்கே பட்டது என்று பார் என்று சொல்கிற வீடியோ அவ்வளவு சுலபத்தில் கண்ணில் படாது.

இது என் ஊகம்தான், நீங்களே சரிபார்த்துவிடலாம். வெள்ளைப் பலகையில் எழுதுகிற மார்க்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பந்தில் ஒரு பெரிய பொட்டு வையுங்கள். பொட்டு கிளப்பைப் பார்க்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். எங்கே பட்டதோ அங்கே ஃபேஸில் தடம் ஒட்டியிருக்கும். ஏழாம் அயர்னில் பத்து பந்து, டிரைவரில் பத்து பந்து. ஒவ்வொன்றுக்கும் பிறகு தடத்தைப் படம் எடுத்துவிட்டுத் துடைத்துவிடுங்கள். பந்து எங்கே போனது என்பதைப் பற்றி அன்றைக்குக் கவலைப்படவே வேண்டாம். இரண்டு கிளப்பிலும் தடங்கள் ஹீல் பக்கம் கூடியிருந்தால் தொடர்ந்து படியுங்கள். நடுவிலோ, ஹீலுக்கு எதிர் நுனியான டோ பக்கமோ விழுந்தால் என் ஊகம் தப்பு, கீழே எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அப்போது நேராக ஒரு கோச்சிடம் போவதுதான் மேல்.

இனி கண்ணாடி விஷயம். கண்ணாடி மாட்டி மூன்று மாதம் ஆகவில்லை, ஷாங்க் தொடங்கி இரண்டு மாதம். தேதிகள் இவ்வளவு ஒட்டி வரும்போது நான் முதலில் அங்கேதான் பார்ப்பேன். புரோக்ரெசிவ் லென்ஸில் மேல்பகுதி தூரப் பார்வைக்கு, அடிப்பகுதி படிப்பதற்கு. அந்த அடிப்பகுதி கையில் பிடித்த புத்தகத்தின் தூரத்துக்காகச் செய்யப்பட்டது. பந்து உங்கள் கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான தூரத்தில் கிடக்கிறது. ஸ்டான்ஸில் நின்று விழியை மட்டும் கீழே தாழ்த்திப் பார்த்தால் படிக்கிற பகுதி வழியாகப் பார்ப்பீர்கள். பந்து மங்கும், கொஞ்சம் பெரிதாகத் தெரியும், இருக்கிற இடமே சற்று நகர்ந்ததுபோலவும் இருக்கும். மூளைக்கு அது பிடிக்காது. நீங்கள் அறியாமலே முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் பந்தைப் பார்க்கப் பழகியிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு நடப்பது சங்கிலித் தொடர். தலை தாழ்ந்தால் மேல்முதுகு வளையும், உடம்பின் எடை குதிகாலை விட்டுக் கால்விரல் பக்கம் போகும். முகவாய் அங்கே உட்கார்ந்திருப்பதால் இடது தோள் அதற்கடியில் நுழைந்து திரும்ப இடமில்லை. தோள் திரும்பாவிட்டால் கைகள்தான் கிளப்பைத் தூக்க வேண்டும். இறங்கும்போது எடை இன்னும் முன்னால் சாயும், கைகள் உடம்பை விட்டு வெளியே போகும், கிளப்பும் கூடவே வெளியே போகும். பந்துக்கு வந்து சேருவது ஃபேஸின் நடுப்பகுதி இல்லை, ஹோசல்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பழைய தூரப்பார்வைக் கண்ணாடி இருந்தால் அதை மாட்டிக்கொண்டு அதே மார்க்கர் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். பவர் கொஞ்சம் மாறியிருந்தாலும் பரவாயில்லை. தடங்கள் நடுப்பக்கம் நகர்ந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். பிறகு கண் பரிசோதகரிடம் போய், கோல்ஃப் ஆடுவதற்கு தூரப்பார்வை மட்டும் உள்ள தனிக் கண்ணாடி வேண்டும் என்று கேளுங்கள். ஸ்கோர் கார்டைப் படிக்க முடியாதே என்று கவலைப்படுகிறவர்களுக்காக, படிக்கிற பகுதியை மிகச் சிறியதாக்கி ஓரத்தில் ஒதுக்கிச் செய்து தருவதும் உண்டு. என்னைக் கேட்டால் கூட ஆடுகிறவரை எழுதச் சொல்லிவிடலாம்.

காரணம் கண்ணாடி இல்லை என்று தெரிந்தாலும் தேடலை அதே திசையில் தொடருங்கள். அந்த முதல் ஷாங்க்குக்கு முந்தைய சில வாரங்களில் என்ன மாறியது? கிளப்பின் ரப்பர் பிடி தேய்ந்து வழுவழுப்பானால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும், மணிக்கட்டு விறைத்துவிடும். குதிகால் உயரமான புது ஷூ உடம்பை முன்னால் சாய்க்கும். இடுப்பிலோ முழங்காலிலோ லேசான வலி இருந்தால் உடம்பு அந்தப் பக்கம் திரும்பாமல் ஒதுங்கிக்கொள்ளும். வலி இருந்தால் அதை மறைத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போகாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்விங் திடீரென்று கெட்டால், ஸ்விங்குக்கு வெளியே என்ன மாறியது என்று முதலில் தேடிவிட்டுத்தான் நான் ஸ்விங்கில் கை வைப்பேன்.

நீங்கள் அதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டீர்கள். செய்த நாலு திருத்தமும் காரணத்தைத் தொடவில்லை, ஆனால் பேக்ஸ்விங்கைச் சுருக்கியதைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு கெடுதல் செய்திருக்கிறது. தள்ளி நின்றதையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்து கழுத்தில் படுகிறதா, அப்படியானால் கொஞ்சம் தள்ளி நிற்போம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் தள்ளி நின்றால் பந்தை எட்டிப்பிடிக்க வேண்டும். எட்டினால் எடை கால்விரலுக்குப் போகும், ஷாங்க்குக்கு மூலகாரணமே அதுதான். எல்லா நேரமும் இப்படி இல்லை, சிலர் நெருங்கி நின்றே ஷாங்க் அடிப்பதும் உண்டு. ஆனால் என்னிடம் ஷாங்க்கோடு வருகிறவர்களில் பலர் வரும்போதே பந்திலிருந்து ஓரடி ஓடிப்போய் நிற்கிறார்கள். பழைய இடத்துக்கு அவர்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அன்றைய பாதி வேலை.

இடப்பக்கம் குறிவைத்தது இன்னும் மோசம். பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மோதும் நேரத்தில் ஃபேஸ் பார்க்கிற திசை. டிரைவரில் ஏறக்குறைய 85 சதவீதம், அயர்னில் 75 சதவீதம் ஃபேஸின் பொறுப்பு என்று ரேடார் அளவீடுகள் வந்த பிறகு தெளிவாகிவிட்டது. கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் வளையும் என்பது, ஃபேஸுக்கும் கிளப் வருகிற பாதைக்கும் நடுவில் எவ்வளவு கோணம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பந்து வலப்பக்கம் போகிறதென்று உடம்பை இடப்பக்கம் திருப்பி வைத்தீர்கள். பாதையும் இடப்பக்கம் போனது. ஆனால் பந்து இலக்குக்குப் போக வேண்டும் என்று கை நினைப்பதால் ஃபேஸ் இலக்கையே பார்த்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கோணம் அதிகமானது, வளைவு கூடியது. வளைவு கூடியதால் இன்னும் இடப்பக்கம் குறிவைத்திருப்பீர்கள். முதலில் ஹீல் அடியால் மட்டும் வந்த வளைவுக்கு, இப்போது நிஜமான ஸ்லைஸும் துணைக்கு வந்து சேர்ந்துவிட்டது. மைதானத்தில் 200 மீட்டர் டிரைவில் பந்து 5 டிகிரி விலகிக் கிளம்பினாலே, வளைவைச் சேர்க்காமலே, இலக்கிலிருந்து 17 மீட்டர் தள்ளிப் போகும்.

ஆகவே முதல் வேலை, திருத்தங்களைத் திருப்பிக்கொடுப்பது. கிரிப்பைப் பழையபடி பிடியுங்கள். பழைய கிரிப் எப்படி இருந்தது என்று மறந்திருந்தால், நன்றாக ஆடிய காலத்தில் யாராவது எடுத்த படமோ வீடியோவோ இருக்கிறதா என்று தேடுங்கள். இடது கையை மேலிருந்து பார்க்கும்போது எத்தனை விரல்முட்டிகள் தெரிந்தன என்று அதில் எண்ணிவிடலாம். நிற்கும் தூரத்துக்கு அளவுகோல் தேவையில்லை. இடுப்பிலிருந்து குனிந்து, கைகளைத் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கவிடுங்கள். தொங்குகிற இடத்தில் கிளப்பைப் பிடியுங்கள். இப்போது இரண்டு கால்விரல்களையும் ஷூவுக்குள்ளேயே அசைத்துப் பாருங்கள். சுலபமாக அசைந்தால் எடை சரியாக இருக்கிறது. தரையைக் கவ்விப் பிடித்திருந்தால் முன்னால் சாய்ந்திருக்கிறீர்கள். குறிவைப்பதற்கு, பந்துக்கு ஒரு மீட்டர் முன்னால் இலக்கின் கோட்டில் ஒரு இலையையோ புல் தழும்பையோ தேர்ந்தெடுங்கள். முதலில் ஃபேஸை அதற்கு நேராக வைத்துவிட்டு, பிறகு கால்களை அந்தக் கோட்டுக்கு இணையாக வையுங்கள். பேக்ஸ்விங்கைச் சுருக்கியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதனால் பெரிய கெடுதல் இல்லை, இப்போதைக்கு உதவியும்கூட.

அடுத்து, ஹீலிலிருந்து பந்தை நடுவுக்குக் கொண்டுவருவது. இதற்கு உடம்பில் எதையும் சரிசெய்யச் சொல்ல மாட்டேன். அரை ஸ்விங்கில், ஏழாம் அயர்னால், வேண்டுமென்றே டோ நுனியில் அடியுங்கள். மார்க்கர் தடம் டோவில் விழ வேண்டும், அவ்வளவுதான் குறி. முதல் சில பந்துகளில் நடுவில்தான் படும், டோவுக்குப் போகவே போகாது. அதைப் பார்த்ததும் உங்களுக்கே சிரிப்பு வரும், ஏனென்றால் நடுவுக்குக் கொண்டுவரத்தானே இவ்வளவு பாடு. டோவில் ஐந்து, நடுவில் ஐந்து என்று மாற்றி மாற்றி அடிக்கப் பழகுங்கள். பிறகு பந்துக்கு அந்தப் பக்கம், உங்களை விட்டு வெளியே, இரண்டு விரல் இடம் விட்டு ஒரு காலி அட்டைப் பெட்டியை வையுங்கள். பெட்டியைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். கிளப் வெளியே தள்ளிப் போனால் பெட்டி பறக்கும், வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. கனமான எதையும் அங்கே வைக்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.

கையை இப்படி வை, முழங்கையை ஒட்டு என்று நான் ஏன் சொல்லவில்லை என்றால், கிளப் இறங்கும் டவுன்ஸ்விங் ஏறக்குறைய கால் நொடியில் முடிந்துவிடுகிறது. பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பது அரை மில்லி நொடி. அதற்குள் யோசித்துத் திருத்த யாராலும் முடியாது. பயிற்சியின் மூலம் தானாக ஓடப் பழகிய அசைவைக் கவனித்துக்கொண்டே செய்தால் அது தடுமாறும். உளவியலாளர் சையன் பெய்லாக்கும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், அனுபவமுள்ள கோல்ஃப் வீரர்கள் பந்தைக் குழிக்கு உருட்டும் தங்கள் பட்டிங் அசைவையே கவனித்தபோது, ஒலிகளைக் கவனித்துக்கொண்டே அடித்ததைவிட மோசமாக அடித்தார்கள். உடலசைவுக் கற்றல் ஆய்வாளர் கேப்ரியல் வுல்ஃபின் 1999 ஆய்வும் இதே பக்கம்தான். பந்தைத் தூக்கிக் கிட்டத்தில் போடும் சிறு பிட்ச் ஷாட் கற்றுக்கொள்கிறவர்களில், தங்கள் கைகளின் அசைவைக் கவனித்தவர்களைவிட கிளப்பின் அசைவைக் கவனித்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். தடம் எங்கே விழுகிறது, பெட்டி பறக்கிறதா என்பதெல்லாம் உடம்புக்கு வெளியே இருக்கிற விஷயங்கள். உடம்பு தனக்குத் தெரிந்த வழியில் அதைச் செய்துகொள்ளும்.

ரேஞ்சில் ஏழு, மைதானத்தில் பூஜ்யம் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ரேஞ்சில் ஒரே கிளப், ஒரே இலக்கு, சமதரை, விரிப்பின் ஓரக்கோடு குறிவைக்க உதவி செய்கிறது. ஒரு பந்து தப்பினால் அடுத்த பந்தில் கை தானாகச் சரிசெய்துகொள்கிறது. மைதானத்தில் ஒவ்வொரு அடியும் முதல் அடி. அதனால் தினமும் பக்கெட் பக்கெட்டாக அடிப்பதைக் குறையுங்கள். முப்பது பந்து போதும், ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றி, விரிப்பை விட்டு விலகி நின்று, மறுபடி வந்து நின்று அடியுங்கள். இரண்டு வாரம் ஸ்கோர் எழுதாமல் ஆடுங்கள். போட்டி இருந்தால் தவிர்த்துவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் வழக்கத்தைவிட ஒரு படி தூரம் போகிற கிளப்பை எடுத்து முக்கால் ஸ்விங்கில் அடியுங்கள்.

முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டீர்களே, அந்த எண்ணம்தான் எனக்குப் பயம். ஆஸ்திரேலிய வீரர் இயன் பேக்கர்-ஃபிஞ்ச் 1991-இல் ராயல் பர்க்டேலில் ஓப்பன் (பிரிட்டிஷ் ஓப்பன்) பட்டம் வென்றவர். இன்னும் தூரம் வேண்டும் என்று ஸ்விங்கை மாற்றப்போனார், திருத்தத்துக்கு மேல் திருத்தம் என்று நீண்டது. 1995 ஓப்பனில் செயின்ட் ஆண்ட்ரூஸின் முதல் டீயில் (முதல் அடி அடிக்கிற இடம்), பதினெட்டாம் குழியின் புல்வெளியான ஃபேர்வேயும் சேர்ந்து கிடக்கிற அவ்வளவு அகலமான மைதானத்தில், பந்தை இடப்பக்க எல்லைக்கு வெளியே அடித்தார். 1997 ஓப்பனில், ட்ரூனில், முதல் சுற்றில் 92 அடி, அதோடு விலகினார். அவர் நிலைமை வேறு, உங்களுடையது வேறு, இருவரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். மறுபக்கம், சரிந்து மீண்ட ஸ்வீடன் வீரர் ஹென்ரிக் ஸ்டென்சன் இருக்கிறார். உலகத் தரவரிசையில் 200-க்கும் கீழே சரிந்தவர், 2013-இல் அமெரிக்க பிஜிஏ டூரின் ஆண்டுப் பட்டமான ஃபெடெக்ஸ் கோப்பையை வென்றார், 2016-இல் அதே ராயல் ட்ரூனில் 264 அடிகளில் ஓப்பனை வென்றார்.

ஒன்றே ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். குழிக்கு உருட்டும் சிறிய பட்டிலோ, கிட்டத்திலிருந்து தட்டும் சிப்பிலோ, அடிக்கும் கணத்தில் கை உங்கள் விருப்பமில்லாமல் வெட்டி இழுத்தால் அது யிப்ஸ். நீங்கள் எழுதியதில் அது இல்லை. இனிமேல் வந்தால் மேலே சொன்ன எதுவும் அதற்கு மருந்தில்லை, அதற்கு வேறு வழி இருக்கிறது, தனியாக எழுதுங்கள்.

கண்ணாடியை மாற்றி, திருத்தங்களை விலக்கி, மூன்று வாரம் இப்படிச் செய்த பிறகும் தடம் ஹீலிலேயே விழுந்தால் எனக்கு இரண்டு வீடியோ அனுப்புங்கள். ஒன்று உங்கள் நெஞ்சுக்கு நேர் எதிரிலிருந்து. இன்னொன்று உங்களுக்குப் பின்பக்கம் நின்று இலக்கை நோக்கி, கேமராவைக் கைகளின் உயரத்தில், கைகளின் கோட்டிலேயே வைத்து எடுக்க வேண்டும். பலர் கேமராவைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்று எடுக்கிறார்கள், அதில் பாதை இருக்கிறதற்கு மாறாகத் தெரியும். கால்கள் முழுவதும் ஃபிரேமுக்குள் இருக்கட்டும், எடை எங்கே போகிறது என்று நான் குதிகாலைத்தான் பார்ப்பேன். மார்க்கர் தடங்களின் படங்களையும், எந்தக் கண்ணாடி போட்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.